பாதை மறக்கவில்லையே! – முதுமை மறதியும் வாகனம் ஓட்டும் தகுதியும்

எங்கள் வீட்டில் இந்தக் கதை ஒரு சுபஹ் தொழுகையோடு ஆரம்பித்தது. வாப்பா வழமைபோல மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போனார். திரும்பி நடந்து வந்தார். "பைக் எங்க வாப்பா?" என்று கேட்டேன். "உள்ளதானே நிக்குது" என்றார். பைக் பள்ளிவாசல் முன்றலில் நின்றது. அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து உம்மா அடுப்படியில் வைத்து மெதுவாக ஒரு விடயத்தைச் சொன்னார். "உங்கட வாப்பா அண்டைக்கு சந்தியில பஸ்ஸுக்கு முன்னால வெட்டித் திருப்பிட்டார் மகள். பஸ்காரன் பிரேக் அடிச்ச அடியில நான் கலிமாவ சொல்லிட்டன்." நடந்து அப்போதே மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க அவர்ர சாவியப் பறிச்சிருவீங்க" என்றார்.

வாப்பாவுக்கு 74 வயது. முப்பது வருடத்துக்கு மேல் லொறி ஓட்டியவர். அம்பாறை நெல்லை ஏற்றிக்கொண்டு மஹியங்கனை பதினெட்டு வளைவை இருட்டில் ஏறி இறங்கியவர். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியுமா என்று சோதிப்பதே எங்கள் வீட்டில் ஒரு மரியாதைக் குறைவு. இருந்தாலும் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு கேள்வித்தாளை வைத்துக் கேட்டார்கள். 30 புள்ளியில் 26 எடுத்தார். கட்டாரில் இருக்கும் என் தம்பிக்குச் செய்தி போனதும் அவனுடைய தீர்ப்பு உடனே வந்தது: "இருபத்தாறு எடுத்திருக்காரே ராத்தா, பிறகென்ன? விடுங்க அவர."

நான் பாடசாலையில் இருபது வருடமாகப் புள்ளி போடுகிறவள். நூற்றுக்கு எண்பத்தாறு என்றால் ஏ சித்தி என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் புள்ளி என்பதும் ஓர் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தாளில் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்கவில்லை என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையின் பின்னணி.

'மறதி' என்ற சொல்லின் குழப்பம்

டிமென்ஷியா என்ற நோய்நிலையைத் தமிழில் முதுமை மறதி, மறதிநோய் என்று எழுதுகிறோம். ஊர் வழக்கில் 'அறளை பேந்துட்டு' என்கிறோம். தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. மறதி என்ற பெயர் நோயின் ஒரு முகத்தை மட்டும் காட்டுகிறது. அதனால் வீட்டார் எல்லோரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்: பாதை மறந்து போகிறதா, இல்லையா? "அவருக்கு ஊர் வழியெல்லாம் தண்ணிப்பாடம், ஒருநாளும் வழி தவறினதில்ல" என்பதே பெரிய சான்றிதழாகிவிடுகிறது. எங்கள் வாப்பாவுக்கும் பாதை மறக்கவில்லை. பஸ்தான் கண்ணில் படவில்லை.

மூளை பலவித நினைவுகளைப் பல இடங்களில் வைத்திருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது ஒருவகை. கிளட்சை எப்போது விடுவது, வளைவில் எப்படிச் சாய்வது என்பது வேறொரு வகை. அது கையும் காலும் பழகிய பழக்க நினைவு. அல்சைமர் நோயில் முதல் வகை முன்னதாகவே அழிகிறது. இரண்டாம் வகை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. கியர் மாற்றும் அழகைப் பார்த்து "மனிசன் இன்னும் அப்படியே இரிக்கார்" என்று நாம் ஏமாறுவது இதனால்தான். அதே காலத்தில் பிளவுபட்ட கவனம், தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் திறன், எதிர்பாராததற்கு உடனே முடிவெடுக்கும் வேகம் ஆகியவை சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கலாம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் மிச்சோன் 1985 இல் வாகனம் ஓட்டுதலை மூன்று தட்டுகளாகப் பிரித்துக் காட்டினார். இன்றுவரை இத்துறையில் எல்லோரும் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். மேல் தட்டு திட்டமிடல்: எப்போது புறப்படுவது, எந்த வீதியால் போவது, மழையில் போகத்தான் வேண்டுமா என்பன. நடுத் தட்டு வீதியில் அந்தந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவுகள்: முந்துவதா, முன்னால் போகும் வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, சந்தியில் இப்போது திரும்பலாமா என்பன. கீழ்த் தட்டு கைகால் வேலை: பிரேக், கியர், திருப்பம். லொறிக்காரரான என் வாப்பாவிடம் கீழ்த் தட்டு உருக்குப்போல இருக்கிறது. உடைந்தது நடுத் தட்டு. கேள்வித்தாள் கேட்டதோ இந்த மூன்றில் எதையுமே அல்ல.

சந்தியில் திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விடயத்தில் அதிகம் எழுதியிருப்பவர்கள் அமெரிக்கர்கள். வயதான சாரதிகளுக்கு மிக ஆபத்தானது இடப்பக்கம் திரும்புவது என்று அவர்கள் எழுதுவார்கள். அங்கே வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன. நாம் அதைப் புரட்டி வாசிக்க வேண்டும்: எங்களுக்கு ஆபத்தானது வலப்பக்கம் திரும்புவது. எதிரே வரும் வாகன வரிசையை ஊடறுத்துப் போகவேண்டிய திருப்பம் அதுதான். எதிரே வருவது எவ்வளவு வேகத்தில் வருகிறது, நடுவில் நடந்து கடக்கிறவர் இருக்கிறாரா, பின்னால் யாரும் முந்துகிறார்களா, இத்தனையும் இரண்டு மூன்று வினாடிக்குள் ஒன்றாகக் கணக்கிடப்பட வேண்டும். உம்மா சொன்ன சந்தியும் வலப்பக்கத் திருப்பம்தான்.

கேள்வித்தாள் என்ன சொல்லும்?

வாப்பாவிடம் கேட்டது மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன் என்ற பரிசோதனை. 1975 இல் உருவானது. இன்று என்ன திகதி, என்ன கிழமை, இது எந்த ஊர் என்று காலமும் இடமும் கேட்பதற்கே பத்துப் புள்ளி. மூன்று சொற்களைச் சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பென்சிலையும் மணிக்கூட்டையும் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். நிதானமாக யோசித்துப் பதில் சொல்லலாம். வீதி அப்படி அவகாசம் தருவதில்லை.

மேலும், இதில் படிப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. உயிர்மெய் எழுத்துகளால் ஆன தமிழ்ச் சொல்லைப் பின்னிருந்து சொல்வது அதே கடினமுடைய வேலை அல்ல. அதிகம் படித்தவர் நோய் தொடங்கிய பின்னும் நல்ல புள்ளி எடுப்பார். பாடசாலையை இடையில் விட்டு, ஓதப்பள்ளியோடு நின்றுவிட்ட ஒரு மூத்தவர் நோயே இல்லாமல் குறைந்த புள்ளி எடுப்பார். ஆகவே புள்ளியை மட்டும் பார்த்து ஒருவரை ஓட்டவிடுவதும் பிழை, நிறுத்துவதும் பிழை.

அமெரிக்க நரம்பியல் அகடமி இந்தக் கேள்வியை இரண்டு முறை ஆராய்ந்து வைத்தியர்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. 2000 ஆம் ஆண்டு வழிகாட்டல் கறாரானது. இலேசான அல்சைமர் நிலையை அடைந்தவர் வாகனம் ஓட்டக்கூடாது என்றது. 2010 இல் அதைத் திருத்தினார்கள். இலேசான டிமென்ஷியா உள்ளவர்கள் ஒரு கூட்டமாகப் பார்த்தால் ஆபத்துக் கூடியவர்கள்தான். ஆனால் அவர்களில் 76 சதவீதம் வரையானோர் வீதியில் வைத்து நடத்தும் சோதனையில் சித்தியடைந்திருக்கிறார்கள் என்ற ஆய்வு முடிவுகள் அதற்கிடையில் வந்திருந்தன. நோயின் பெயரை வைத்தே தீர்ப்பு எழுதினால் நான்கில் மூன்று பேருக்கு அநியாயம் நடக்கக்கூடும். தீர்ப்பு எழுதாமலே விட்டால் மிச்சம் இருப்பவர்கள் வீதியில் இருக்கிறார்கள்.

2010 வழிகாட்டலில் எனக்கு மிகவும் பயன்பட்டது, எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று அது தரம் பிரித்திருப்பதுதான். ஆகவும் வலுவான சான்று என்று ஏற்கப்பட்டது கிளினிக்கல் டிமென்ஷியா ரேட்டிங் என்ற அளவுகோல். இது அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நோயாளியோடு மட்டும் பேசி இதைப் போட முடியாது, அவரை நன்றாக அறிந்த ஒருவரோடும் பேசவேண்டும். நினைவு, காலஇட உணர்வு, நிதானித்து முடிவெடுத்தல், வெளியுலக அலுவல்கள், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத் தானே பராமரித்தல் என்று ஆறு பக்கங்களைக் கேட்டு, 0 இலிருந்து 3 வரை நிலை குறிப்பார்கள். 0.5 என்பது மிக ஆரம்பம், 1 இலேசானது. 2 க்கு மேல் போனவர் ஓட்டலாமா என்பது பேச்சுக்கே இல்லை.

அதற்கு அடுத்த தரத்தில் வருவது வீட்டார் வார்த்தை. பராமரிப்பவர் "இவர் ஓட்டுவது பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அது பெறுமதியான சான்று. அதற்குக் கீழே வேறு சில அடையாளங்கள்: அண்மைக்கால விபத்துகள் அல்லது பொலிஸ் குற்றப்பத்திரங்கள், ஓட்டும் தூரம் தானாகக் குறைந்துவருவது, இரவு, மழை, சன நெரிசல் என்று சில சந்தர்ப்பங்களைத் தவிர்ப்பது, முன்கோபமும் அவசரமும், நான் சொன்ன கேள்வித்தாளில் 24 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி. அந்தப் புள்ளிக்கு இருக்கும் இடம் அவ்வளவுதான். 24 க்குக் கீழே போனால் எச்சரிக்கை. 26 எடுத்தால் பாதுகாப்பு என்று அங்கே எங்கும் எழுதியில்லை.

எதற்குப் பெறுமதி இல்லை என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. "எனக்கு ஒண்டுமில்ல, நான் நல்லா ஓட்றன்" என்று நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதற்குச் சான்றுப் பெறுமதி இல்லை. அதையும் உறுதியான தரத்திலேயே வைத்திருக்கிறார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. தன் குறையைத் தானே உணரும் திறனையும் இந்த நோய் தின்றுவிடுகிறது. வாப்பா "பஸ் எங்க வந்திச்சு? பஸ்ஸே வரல்லியே" என்று சத்தியம் செய்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவருடைய உலகத்தில் அன்று பஸ் வரவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

இதில் உம்மாமார் பற்றிய ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். வீட்டார் வார்த்தை பெறுமதியானது என்கிறார்கள், சரி. ஆனால் எங்கள் வீடுகளில் பின்னால் குந்திப் போகிறவருக்கு வேறு வாகனம் இல்லை. கிளினிக், சந்தை, கல்யாண வீடு, மையித்து வீடு எல்லாவற்றுக்கும் அந்த பைக்தான். அவர் ஓடாவிட்டால் இவரும் வீட்டுக்குள்தான். மூன்று வாரம் உம்மா வாய் திறக்காததில் அன்பும் இருந்தது, இந்தக் கணக்கும் இருந்தது. ஆகவே வைத்தியர் கேட்க வேண்டியவர் ஒருவர் மட்டுமாக இருக்கக்கூடாது. என்னையும் கேட்டிருக்க வேண்டும், பள்ளிக்கு வருகிறவர்களையும், முன்வீட்டுப் பொடியனையும் கேட்டிருக்க வேண்டும். முன்வீட்டுப் பொடியனுக்கு எங்களைவிட அதிகம் தெரிந்திருந்தது. அவனுடைய முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் இருந்த நெளிவு வாப்பா போட்டது. "அப்பாவெண்டுதான் சொல்லல்ல" என்றான்.

மேசையில் வைத்துச் செய்யும் வேறு சோதனைகளும் உண்டு. வெறும் வட்டத்தில் மணிக்கூட்டு முகத்தை வரைந்து சொன்ன நேரத்துக்கு முள் போடச் சொல்வது ஒன்று. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வது இன்னொன்று. இந்த இரண்டாவது எனக்குப் பிடித்த சோதனை. எண்ணையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டு, இடையில் கண்ணால் தேடவும் வேண்டும். ஒரு சந்தியைக் கடப்பதற்கு இதைவிட நெருங்கிய மேசைச் சோதனை இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தாலோ மூன்று பிழைக்கு மேல் விட்டாலோ கவனிக்கவேண்டும் என்பது சிலர் பின்பற்றும் அளவு. எனினும், தனியே ஒரு மேசைச் சோதனையை வைத்து முடிவெடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2010 வழிகாட்டல் ஒப்புக்கொண்டிருக்கிறது.

வீதியில் வைத்துப் பார்ப்பது

அப்படியானால் கடைசித் தீர்ப்பு எங்கே? வீதியில்தான். இரட்டைப் பிரேக் பூட்டிய கார். பக்கத்தில் ஒரு பயிற்றுநர். பின் ஆசனத்தில், இதற்கென்று பயின்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர். முதலில் ஆளில்லாத ஒரு தரிப்பிடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு வீதிக்கு இறக்குவார்கள்: அமைதியான தெரு, சந்தி, சமிக்ஞை விளக்கு, ஒழுங்கை மாறுதல், எதிர் வரிசையை ஊடறுக்கும் திருப்பம் என்று படிப்படியாக. சென் லூயிஸில் 1990களில் இப்படியொரு வீதிச் சோதனையை ஒழுங்குபடுத்தி, யார் பார்த்தாலும் ஒரே முடிவு வருகிறதா என்றும் சரிபார்த்தார்கள். முடிவு மூன்றில் ஒன்று: பாதுகாப்பானவர், ஓரத்தில் நிற்பவர், பாதுகாப்பற்றவர். சித்தியடைந்தாலும் அது நிரந்தரச் சித்தி அல்ல. நோய் நிற்காது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சோதகர் கியர் மாற்றும் இலாவகத்துக்குப் புள்ளி கொடுப்பதில்லை. மிச்சோனின் நடுத் தட்டைத்தான் பார்க்கிறார். "அடுத்த சந்தியில் வலப்பக்கம் திரும்பி, பிறகு இரண்டாவது இடப்பக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அதை மனதில் வைத்துக்கொண்டே வீதியையும் கவனிக்கிறாரா என்று பார்ப்பார்கள். காரணமில்லாமல் வேகம் குறைகிறதா, பச்சை விளக்கில் நிற்கிறாரா, பக்கத்தில் உள்ளவர் சொல்லித்தான் திரும்புகிறாரா என்று பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. உம்மா பின்னால் இருந்து "மெதுவா… நில்லுங்க… இப்ப போங்க" என்று சொல்லிக்கொண்டே போவது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு மூளை ஓட்டவேண்டிய வாகனத்தை இரண்டு மூளை சேர்ந்து ஓட்டுவது ஓர் அபாய அறிகுறி.

இந்த இடத்தில், அரபுக் கல்லூரியில் ஓதிய என் மச்சான் ஒரு செய்தி சொன்னார். இமாம் நவவியின் மின்ஹாஜில், அநாதைச் சிறுவனிடம் சொத்தை ஒப்படைக்குமுன் அவனுடைய புத்தித் தெளிவைச் சோதிக்கும் முறை வருகிறதாம். எல்லோருக்கும் ஒரே சோதனை இல்லை. வியாபாரியின் மகனை வாங்கல் விற்றலில் வைத்தும், விவசாயியின் மகனை விவசாயத்தில் வைத்தும் பார்க்கவேண்டும். எந்த அலுவலை ஒப்படைக்கப் போகிறோமோ அந்த அலுவலிலேயே சோதிக்கவேண்டும் என்ற இந்த நியாயம் வீதிச் சோதனைக்கும் அப்படியே பொருந்துகிறது. சொத்தைக் கையாள்வதைக் கட்டுப்படுத்தும் 'ஹஜ்ர்' பற்றி பிக்ஹு நூல்களில் பாடமே இருக்கிறது. உரியவரின் நலனைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சாவியை வாங்கிவைப்பதைப் பெற்றாரை அவமதிப்பதாக மட்டும் பார்க்கும் நம்மவர்கள் இந்தப் பாடத்தையும் ஒருமுறை யோசிக்கலாம். நான் ஆலிமா இல்லை. பத்வா சொல்லவும் வரவில்லை. முதுமையில் அறிந்ததெல்லாம் அறியாமற் போகும் நிலையைப் பற்றி குர்ஆன் நஹ்ல், ஹஜ் ஆகிய இரண்டு சூராக்களில் பேசுகிறது. அது வெட்கப்பட்டு மூடிமறைக்கவேண்டிய விடயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் போட்டவர்கள்

ஐக்கிய இராச்சியத்தில் டிமென்ஷியா என்று நிர்ணயிக்கப்பட்டவர் அதை அனுமதிப்பத்திரத் திணைக்களத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் 1,000 பவுண் வரை தண்டம். அறிவித்த உடனே பறித்துவிடுவதில்லை. வைத்திய அறிக்கை பார்த்து, தேவைப்பட்டால் வீதிச் சோதனை வைத்து, ஆரம்ப நிலை என்றால் வருடத்துக்கு வருடம் மீளாய்வு செய்யும் நிபந்தனையோடு கொடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் வைத்தியரே அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அது நோயாளி வைத்தியரிடம் போகாமல் ஒளிவதற்கும் வழி செய்யும் என்ற வாதம் அங்கே இருக்கிறது; எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஜப்பான் வயதைக் கோடாக வைத்தது. 2009 முதல் 75 வயதுக்கு மேற்பட்டவர் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது அறிதிறன் சோதனை எழுதவேண்டும். பதினாறு படங்களைக் காட்டி, பிறகு என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பது அதில் ஒரு பகுதி. 2017 இலிருந்து, சந்தேகம் என்று வந்தவர் வைத்தியரின் நிர்ணயத்தோடு வரவேண்டும். எனக்குப் பிடித்தது அவர்களுடைய இன்னொரு ஏற்பாடு. தானாக விரும்பி அனுமதிப்பத்திரத்தை ஒப்படைக்கிறவருக்கு, அவர் இத்தனை காலம் சாரதியாக இருந்தார் என்று காட்டும் ஒரு சான்று அட்டை கொடுக்கிறார்கள். பல இடங்களில் அதைக் காட்டினால் பஸ், டக்ஸிக் கட்டணத்தில் சலுகை. முப்பது வருடம் லொறி ஓட்டியவரிடம் வெறுங்கையை நீட்டச் சொல்வதற்கும், ஓர் அட்டையை மாற்றித் தருவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

வயதுக் கோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். பின்லாந்தில் முதியவர்கள் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வைத்தியச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. பக்கத்து நாடான சுவீடனில் அப்படி இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1996 இல் வெளிவந்தது. முதிய சாரதிகளின் விபத்தில் பின்லாந்துக்கு எந்த இலாபமும் தெரியவில்லை. மாறாக, வாகனத்துக்கு வெளியே, நடந்தும் சைக்கிளிலும் போகும்போது இறந்த முதியவர்கள் அங்கேதான் அதிகம். சாவியை வாங்கியவர்கள், அதன் பிறகு அந்த மனிதர் எப்படிப் போகிறார், வருகிறார் என்று பார்க்கவில்லை. ஓட்டுவதை நிறுத்தியவர்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 2016 இல் வெளியான மீளாய்வும் சொல்கிறது.

நமது நாட்டில் சாதாரண வாகன அனுமதிப்பத்திரம் எட்டு வருடத்துக்குச் செல்லுபடியாகும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் எடுக்கப்போனால் கண்ணைப் பார்க்கிறார்கள். எட்டு வருடம் என்பது இந்த நோயில் நீண்ட காலம். ஆரம்பத்திலிருந்து முற்றிய நிலைவரை அதற்குள் நடந்து முடிந்துவிடக்கூடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இரட்டைப் பிரேக் காரும் சிகிச்சையாளரும் தேடினோம். எங்கள் பகுதியில் எங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. தவிர, நூல்களில் எல்லாம் கார்தான் இருக்கிறது. நம்மூர் முதியவர் ஓட்டுவது மோட்டார் சைக்கிள். பக்கத்தில் சோதகர் குந்த இடமில்லை. சமநிலையும் வேண்டும். விழுந்தால் தகரமும் காப்பாற்றாது.

ஆகவே ஒரு வாரம் என் கணவர் தன்னுடைய பைக்கில் வாப்பாவின் பின்னால், அவர் கவனிக்காத தூரத்தில் போனார். இன்ன நாள், இன்ன இடம், இன்னது நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். தீர்ப்பு எழுதவில்லை, நடந்ததை மட்டும் எழுதினோம். சமிக்ஞை போடாமல் திரும்பியது இரண்டு தரம். சந்தியில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தது நான்கு தரம். பாடசாலை விடும் நேரத்தில் மஞ்சள் கோட்டுக் கடவையில் பிள்ளைகள் நிற்க, நிற்காமல் போனது ஒரு தரம். அந்தப் பிள்ளைகளில் என் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதை வாசித்த பிறகு எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

கொப்பியோடு வேறொரு வைத்தியரிடம் போனோம். அவர் முதலில் அதை முழுவதும் வாசித்தார். திரும்பச் சரிசெய்யக்கூடியவற்றை முதலில் பார்ப்போம் என்றார்: கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதா, காது, தைரொயிட், விட்டமின் பி12, மனச்சோர்வு, தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள். தடிமனுக்கென்று பார்மசியில் கேட்டு வாங்கிப் போடும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகூட மூளையை மந்தமாக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வாப்பா அதைப் பல மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தியதில் கொஞ்சம் தெளிவு வந்தது. போதுமான தெளிவு வரவில்லை. இன்னொன்றும் கேட்டார்: இல்லாத ஆட்களைக் காண்கிறாரா, குணம் திடீரென்று மாறியிருக்கிறதா? லூயி பொடி, முன்மூளைத் தேய்வு போன்ற வகைகளில் நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே வாகனம் ஓட்டுவது ஆபத்தாகிவிடுமாம். எங்களுக்கு அப்படி இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நிறுத்தச் சொன்னது வைத்தியர்தான். ஒரு தாளில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டு வாப்பாவின் கையில் கொடுத்தார். இதை அவர் செய்ததற்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நான் சொல்லியிருந்தால் மகள் சாவியைப் பறித்தாள் என்று ஆகியிருக்கும். பிறகும் வாப்பா ஒவ்வொரு நாளும் கேட்டார், "மகள், பைக் சாவி எங்க?" என்று. ஏன் இல்லை என்பதை அவர் மறந்துவிடுவார். ஒவ்வொரு நாளும் அந்தத் தாளைக் காட்டுவோம். ஒவ்வொரு நாளும் முதற்தடவைபோல வாசித்து முகம் வாடுவார். அதைப் பார்க்க முடியாமல் உம்மா அறைக்குள் போய்விடுவார். ஒன்றரை மாதத்தின் பின் பைக்கைத் தம்பியின் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். கண்ணில் படாதபோது கேள்வியும் குறைந்தது. இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும்.

சுபஹ்தான் மிகக் கஷ்டமாக இருந்தது. முப்பது வருடமாக முன் ஸப்பில் நின்றவர். பள்ளி நிருவாகத்திடம் கேட்டோம், யோசிக்கிறோம் என்றார்கள். அதற்கிடையில் முன்வீட்டுப் பொடியன் தானாகவே வந்து நின்றான். நெளிந்த அதே முச்சக்கர வண்டிதான். பாங்கு சொன்னதும் ஒரு ஹோர்ன் அடிப்பான். வாப்பா பின்னால் ஏறமாட்டார். சாரதிக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். அது சட்டத்துக்குப் பிழை என்று பொடியனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதையும் பேசித் தீர்க்கவேண்டும்.

அனுமதிப்பத்திரத்தை நாங்கள் வாங்கவில்லை. அவருடைய பணப்பையில்தான் இருக்கிறது. அது காலாவதியாக இன்னும் மூன்று வருடம் உண்டு.